ரயிலில் பழகியவரை ஃபேஸ்புக்கில் தேடலாமா?

கேள்வி இது: “போன வருடம் ஒரு நேர்முகத் தேர்வுக்காகச் சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போனேன். எதிர் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க வங்கி அதிகாரி ஒருவர் வந்தார். வாரங்கலில் விடிந்ததிலிருந்து அவர் நாக்பூரில் இறங்கும் வரை பேசிக்கொண்டே வந்தோம். வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில்தான் பிறகு நான் எடுத்த முடிவுக்குக் காரணம். போன் நம்பர் வாங்கவில்லை. பெயரும் வங்கியும் தெரியும். ஃபேஸ்புக்கில் தேடி நன்றி சொல்லலாமா? தப்பாக நினைப்பாரா?”

தாராளமாகத் தேடலாம், நன்றியும் சொல்லலாம். தப்பாக நினைக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் அன்று உங்களுக்குள் இருந்தது எந்தப் பாரமும் இல்லாத பழக்கம். அவர் உங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, நீங்களும் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பாரமின்மை கெடாமல் தொடர்புகொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. சமூக உளவியல் பாடம் எடுக்கிறவன் என்பதால் இதே கேள்வியை மாணவர்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், வீட்டில் சொல்லாததை அவரிடம் ஏன் சொன்னீர்கள்? இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஜெர்மன் சமூகவியலாளர் கெயோர்க் சிம்மல் 1908-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நெருங்கியவர்களிடம் மறைப்பதை, எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகப்போகிறவரிடம் மனிதர்கள் மனம் திறந்து சொல்லிவிடுகிறார்கள் என்கிறார். காரணம் எளிது. அவர் உங்கள் அப்பாவைப் பார்க்கப்போவதில்லை. அடுத்த கல்யாணத்தில் உங்கள் அத்தையின் பக்கத்தில் உட்காரப்போவதில்லை. சொன்னது திரும்பி வந்து உங்களைத் தொடாது. 1975-இல் ஜிக் ரூபின் என்ற அமெரிக்க உளவியலாளர் பாஸ்டன் விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். ஆய்வுக் குழுவினர் தங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதிக் காட்டிவிட்டு, பயணிகளையும் எழுதச் சொன்னார்கள். முன்னால் இருப்பவர் மனம் திறந்தால், முன்பின் தெரியாத பயணியும் அதற்கு ஈடாக மனம் திறப்பதுதான் பொதுவாகத் தெரிந்தது.

நம் ரயில் பெட்டி இதற்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது. ஸ்லீப்பரில் ஒரு பகுதிக்கு எட்டுப் பேர். நடு பெர்த்தை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் விரித்துப் போடலாம். ஆறு மணிக்கு மேல் அதை மடக்கிவிட்டு மூன்று பேரும் கீழ் சீட்டில் உட்கார்ந்தாக வேண்டும். எதிரில் இன்னும் மூன்று பேர். முழங்கால் இடிக்கும் தூரம். ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் மற்றவரிடம் “சாப்பிடுறீங்களா” என்று கேட்காமல் இருக்க முடியாது. பேச்சு அங்கே தொடங்கிவிடும். இப்போது ஆளுக்கொரு போனும் காதில் இயர்போனும் வந்துவிட்டதால் அது குறைந்திருக்கிறது, எனக்கு அதில் வருத்தம்தான். நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோவில் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. பக்கத்துச் சீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டு போனவர்களுக்கே பயணம் மற்றவர்களைவிட இனிமையாக இருந்தது. ஆனால் முன்கூட்டிக் கேட்டபோது, பேசாமல் தனியாக இருப்பதுதான் நன்றாக இருக்கும் என்றே ஆட்கள் கணித்தார்கள். யாரும் பேச விரும்ப மாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு எல்லோரும் சும்மா இருக்கிறோம்.

உங்கள் பயமும் இதே வகைதான். “அவர் என்னை மறந்திருப்பார், இவன் யார் என்று நினைப்பார்” என்றுதான் தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. 2018-இல் எரிக்கா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதல் முறை பேசிவிட்டுப் பிரிந்த இருவரிடம் தனித்தனியாகக் கேட்டால், தன்னை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். உண்மையில் இருவருக்கும் மற்றவரை அதைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறது. அப்படியானால், உங்கள் மனதில் அந்த நாள் தங்கியிருப்பது போல அவர் மனதிலும் ஓரளவாவது தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. வயதில் இளையவர் ஒருவர் தன்னை நம்பி ஒரு விஷயத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்டால், யாரும் அதைச் சட்டென்று மறக்க மாட்டார்கள்.

பிரிந்துபோன பழைய நண்பருக்குச் செய்தி அனுப்புவது பற்றி லாரா அக்னினும் ஜில்லியன் சான்ட்ஸ்ட்ரோமும் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அனுப்ப ஆசை இருக்கிறது, விலாசம் கையில் இருக்கிறது, எழுத நேரமும் கொடுத்தாயிற்று. அப்படியும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அனுப்பினார்கள். அதற்கு முன் 2022-இல் பெக்கி லியூ குழுவினர் மறுமுனையைப் பார்த்தார்கள். எதிர்பாராமல் வரும் ஒரு விசாரிப்பு, அனுப்பியவர் நினைத்ததைவிட அதிக மகிழ்ச்சியைக் கொடுக்கிறது. அது எந்த அளவுக்கு எதிர்பாராததோ அந்த அளவுக்கு மகிழ்ச்சி கூடுகிறது. இந்த ஆய்வுகள் ஏற்கெனவே அறிமுகமானவர்களை வைத்து நடந்தவை, ஒருநாள் ரயில் பழக்கத்தை வைத்து அல்ல. இருந்தாலும் நன்றி சொல்ல மட்டும் வருகிற ஒரு செய்திக்கு இது பொருந்தும் என்பது என் கருத்து.

சரி, எப்படித் தேடுவது?

என் பெரியப்பாவின் டைரிகளில் கடைசிப் பக்கங்கள் முழுக்க ரயிலில் சந்தித்தவர்களின் முகவரிகள்தான். பொங்கலுக்கு அவர்களுக்கு வாழ்த்து அட்டை போகும். முகவரி வாங்க மறந்தாலும் பெட்டியின் கதவருகே சார்ட் ஒட்டியிருக்கும். பெயர், வயது, ஏறும் ஊர் எல்லாம் அதில் இருக்கும். பெரிய ஸ்டேஷன்களில் பெட்டிக்கு சார்ட் ஒட்டுவதை ரயில்வே 2018 மார்ச்சிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. 2004-இல் வந்த ஆர்குட் என்ற சமூக வலைதளத்தில் ஊர்க் குழு, கல்லூரிக் குழு என்று தேடிப் பலர் பழைய ஆட்களைப் பிடித்தார்கள். அது 2014 செப்டம்பரோடு மூடப்பட்டது. ஃபேஸ்புக்கில் போன் நம்பரைப் போட்டு ஆளைத் தேடும் வசதியையும், தகவல் திருட்டு சர்ச்சைக்குப் பிறகு 2018 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ஆகவே சமூக ஊடகம் வந்ததால் யாரையும் ஒரு நொடியில் பிடித்துவிடலாம் என்பது உண்மை இல்லை. இந்த விஷயத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு இருந்ததைவிட இப்போது கொஞ்சம் கடினம்தான்.

அதிலும் தமிழ்ப் பெயர்களைத் தேடுவது தனிக் கலை. உங்களிடம் “சுப்பிரமணியன்” என்று சொன்னவர் ஃபேஸ்புக்கில் எப்படி இருப்பார்? கடைசி எழுத்து ‘என்’ ஆகவும் இருக்கலாம், ‘எம்’ ஆகவும் இருக்கலாம். நடுவில் ‘பி’ ஒன்றா இரண்டா, ‘ஏ’ எத்தனை என்பது அவரவர் சான்றிதழைப் பொறுத்தது. இன்ஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். வட மாநிலத்தில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் போலப் பின்னால் சேர்த்திருப்பார்கள், அங்கே படிவங்களில் அது இல்லாமல் முடியாது. சிலர் வெறும் ‘மணி’. சிலர் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்திருப்பார்கள், ஆங்கில எழுத்தில் தேடினால் கண்ணில் படாமல் போகலாம். தேடப்படுபவர் பெண் என்றால் கல்யாணத்துக்குப் பிறகு இன்ஷியல் மாறியிருக்கலாம், படத்தில் பூவோ சாமியோ குழந்தையோ இருக்கலாம். ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ஆள் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

வங்கி அதிகாரி என்கிறீர்கள். அவர்களைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நாக்பூர் என்பது இந்நேரம் பழைய ஊராக இருக்கலாம். அதனால் ஃபேஸ்புக்கைவிட, வேலை பார்க்கிறவர்கள் தொழில் தொடர்புக்காகப் பயன்படுத்தும் லிங்க்ட்இன் தளத்தில் வங்கியின் பெயரோடு சேர்த்துத் தேடுவது பலன் தரும். அன்று பேச்சில் வந்ததை உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்தக் கல்லூரி என்றார், சொந்த ஊர் எது, மாரத்தான் ஓடுகிறேன் என்றாரா, பறவை பார்க்கப் போவேன் என்றாரா, ரத்த தானக் குழுவில் இருக்கிறேன் என்றாரா? ஆட்கள் தங்கள் பெயரைவிடத் தங்கள் ஆர்வத்தில்தான் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறார்கள். வெளிமாநில நகரங்களில் இருக்கும் தமிழர்களுக்கு ஃபேஸ்புக்கில் குழுக்கள் உண்டு, அங்கேயும் பார்க்கலாம்.

இந்த இடத்தில் சரூ பிரையர்லியின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1986-இல் ஐந்து வயதில் மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர் ஸ்டேஷனில் தூங்கிப்போய், தவறான ரயிலில் ஏறி, சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி ஹவுராவில் இறங்கிய பையன் அவர். கடைசியில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு தம்பதி தத்தெடுத்து வளர்த்தார்கள். பெரியவனானதும் கூகுள் எர்த்தில் கொல்கத்தாவிலிருந்து கிளம்பும் ரயில் பாதைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து 2011-இல் கண்ட்வா என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். அது தன் ஊர்தானா என்று உறுதி செய்ய அவர் போனது ஃபேஸ்புக்கில் இருந்த கண்ட்வா ஊர்க்காரர்களின் குழுவுக்கு. அங்கே ‘என் அம்மாவைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்’ என்று அவர் புகைப்படம் போடவில்லை. ஊரின் இன்ன பக்கத்தில் இருக்கும் பகுதியின் பெயர் என்ன என்று கேட்டார். கணேஷ் தலாய் என்று பதில் வந்தது. சிறுவனாகத் தப்பும் தவறுமாக நினைவில் வைத்திருந்த பெயர் அதுதான். 2012-இல் நேரில் போய் அம்மாவைப் பார்த்தார்.

இருபத்தைந்து வருடம் பிரிந்திருந்த அம்மாவைத் தேடும்போதே அவர் இடத்தைப் பற்றித்தான் விசாரித்தார். அந்த முறையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். குழுவில் எழுதுவதாக இருந்தால், அவர் பெயரையும் அவர் சொன்ன கதையையும் பொதுவில் போடாதீர்கள். குழுவை நடத்துபவருக்குத் தனியாக எழுதி, ‘இப்படி ஒருவர் இருந்தால் என் நம்பரை அவரிடம் கொடுங்கள், அவர் நம்பரை எனக்குத் தர வேண்டாம்’ என்று கேளுங்கள். கூப்பிடுவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கும்.

‘இவரைத் தெரியுமா, ஷேர் செய்யுங்கள்’ என்று ரயிலில் எடுத்த படத்தைப் போடுகிறவர்களை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2018 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து டல்லாஸ் போன விமானத்தில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பேசிய ஓர் ஆணையும் பெண்ணையும், பின் சீட்டில் இருந்த ஒருவர் படமெடுத்து, காதல் கதை போல ட்விட்டரில் தொடராக எழுதினார். லட்சக்கணக்கானோர் ரசித்தார்கள். பிறகு அந்தப் பெண் யார் என்று துருவிக் கண்டுபிடித்து அவரை இழிவாகப் பேச ஆரம்பித்தார்கள். அவர் தன் கணக்குகளை மூடிவிட்டு, வக்கீல் மூலம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. தன்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதுதான் அதில் அவருடைய முக்கியமான குறை. இது நல்ல எண்ணத்தில் தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது. உங்கள் நாக்பூர்க்காரர் அன்று அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்தாரா, வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. முகத்தை வைத்து ஆளைத் தேடித் தரும் இணையதளங்கள் இப்போது இருக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆள் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். என்ன எழுதுவது?

2013 பிப்ரவரியில் லண்டனில் படித்துக்கொண்டிருந்த அனாயிஸ் போர்டியே என்ற பிரெஞ்சுப் பெண், சமந்தா ஃபூட்டர்மன் என்ற அமெரிக்க நடிகைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு செய்தி அனுப்பினார். யூடியூபில் சமந்தாவைப் பார்த்த நண்பர் ஒருவர், இருவரும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதாகச் சொல்லியிருந்தார். இருவரும் 1987-இல் ஒரே நாளில் தென்கொரியாவில் பிறந்து வெவ்வேறு நாட்டுக்குத் தத்துப் போனவர்கள். பிறகு செய்த மரபணுச் சோதனையில் இரட்டையர் என்று உறுதியானது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அந்தப் பெண் அனுப்பிய செய்தி எளிமையானது. நான் இன்னார், உங்களை இப்படித்தான் பார்த்தேன், நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்கலாமா என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். ‘நாம் சகோதரிகள்’ என்று தொடங்கியிருந்தால் எதிர்முனையில் இருப்பவர் பயந்திருப்பார்.

நீங்கள் இப்படி எழுதலாம்: “வணக்கம் சார். போன வருடம் டெல்லி போகும் ரயிலில் உங்கள் எதிர் சீட்டில், இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்த பையன் நான். வாரங்கலில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தீர்கள், நீங்கள் நாக்பூரில் இறங்கினீர்கள். அன்று நீங்கள் சொன்னது எனக்கு மிகவும் உதவியது. அதற்கு நன்றி சொல்லத்தான் லிங்க்ட்இன்னில் தேடி எழுதுகிறேன். பதில் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை. நலமாக இருங்கள்.” அவ்வளவு போதும். எங்கே, எப்போது என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். காபி மாதிரி உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சின்ன விவரம் இருக்கட்டும், அதுதான் உங்களுக்கு அடையாளச் சீட்டு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள், இல்லாவிட்டால் அவருக்கு அந்தக் கேள்விதான் உறுத்தும்.

அன்று நீங்கள் சொன்ன ரகசியத்தையோ, அவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னதையோ அதில் எழுத வேண்டாம். அவர் போனை மகளோ மனைவியோ எடுத்துப் பார்க்கலாம். ரயிலில் அவர் சொன்னது அந்தப் பெட்டியில் இருந்த உங்களுக்காகச் சொன்னது.

நண்பர் அல்லாதவரிடமிருந்து வரும் செய்தியை ஃபேஸ்புக் ‘மெசேஜ் ரிக்வெஸ்ட்’ என்ற தனிப் பெட்டியில் போட்டுவிடும். இன்ஸ்டாகிராமிலும் அப்படித்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் அவமதித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்துக்கூட வரலாம். நீங்கள் செய்யக் கூடாதது இன்னொன்று உண்டு. அங்கே பதில் இல்லை என்று இன்ஸ்டாகிராமில், பிறகு அவர் மகனுக்கு, பிறகு வங்கிக் கிளைக்குப் போன் என்று வரிசையாகப் போவது. படித்துவிட்டும் பதில் போடாமல் இருந்தால் அதுவே பதில்.

இதை ஒரு பெண்ணைத் தேடும் ஆண்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013-இல் 354டி என்று சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆவது பிரிவாக இருக்கிறது. அவர் இணையத்தில் என்ன செய்கிறார் என்று கண்காணிப்பதும் இதில் அடங்கும். முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ரயிலில் சிரித்துப் பேசினார் என்பது, தேடி வா என்ற அழைப்பு ஆகாது.

பதில் வந்துவிட்டால் அப்புறம் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலருக்கு ஏமாற்றம் வருவது அங்கேதான். ஃபேஸ்புக்கில் நண்பரானதும் அவர் அரசியல் என்ன, எந்த மாதிரி ஃபார்வர்டுகளைப் பகிர்கிறார், உங்கள் அலுவலகச் சண்டை என்ன எல்லாம் இருவருக்கும் தெரிந்துவிடும். அன்று அவரிடம் மனம் திறக்க முடிந்ததற்குக் காரணமே அவர் உங்கள் உலகத்துக்கு வெளியே இருந்தது. இப்போது அவர் உள்ளே வந்துவிட்டார். அதே போன்ற ஒரு பேச்சை மறுபடி எதிர்பார்த்தால் கிடைக்காது. நான் பார்த்த வரையில் இப்படிப்பட்ட பழக்கங்கள் ஓரிரு நீண்ட உரையாடலுக்குப் பிறகு, பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்துச் சொல்லும் அளவில் நின்றுவிடும். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, மிக அபூர்வமாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதுச் செய்தியும் புது வாய்ப்பும் தூரத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும். அவரைத் தூரத்திலேயே வைத்துக்கொண்டு மதிக்கலாம், இழுத்து வந்து குடும்ப நண்பராக்கித்தான் தீர வேண்டும் என்று இல்லை.

கடைசியாக மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘நாம் ரயிலில் சந்தித்தோம்’ என்று உங்களுக்குச் செய்தி வந்தால், எந்த ஊரில் ஏறினீர்கள், அன்று என்ன சாப்பிட்டோம் என்று ஏதாவது ஒன்றை எதிர்க்கேள்வி கேளுங்கள். உண்மையானவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். மோசடிக்காரர் பேச்சை மாற்றுவார். பணம், லிங்க், ஓடிபி என்று பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும், சில மணி நேரம் தாமதித்தாலும் பணத்தை மீட்பது கடினமாகிவிடும்.

நீங்கள் இன்றைக்கே லிங்க்ட்இன்னில் தொடங்குங்கள். செய்தியை எழுதிவிட்டு அனுப்பக் கை வரவில்லை என்றால், முதலில் இப்போது பழக்கத்தில் இருக்கும் நண்பர்கள் சிலருக்குச் சும்மா நலம் விசாரித்து நாலு வரி அனுப்பிவிட்டு வாருங்கள். நான் மேலே சொன்ன 2024 ஆய்வில், அப்படிக் கொஞ்ச நேரம் பழகிக்கொண்ட பிறகு பழைய நண்பருக்குச் செய்தி அனுப்பியவர்கள் கணிசமாகக் கூடினார்கள்.